குஷ்லாவுக்குப் புத்தகம் தேடிக்கொடுத்த பாட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

1971 டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் குஷ்லா பிறந்தாள். குரோமோசோம் கோளாறோடு பிறந்த குழந்தை. மண்ணீரல், சிறுநீரகம், வாயின் உட்பகுதி எல்லாவற்றிலும் குறைபாடு. தசைகள் இழுத்துக்கொள்வதால் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம்கூடத் தூங்க மாட்டாள். மூன்று வயது வரைக்கும் கையில் எதைக் கொடுத்தாலும் அவளால் பிடிக்க முடியவில்லை. தன் விரல் நுனிக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவளுக்கு மங்கல்தான். உடல் வளர்ச்சி, மன வளர்ச்சி இரண்டுமே குன்றிய குழந்தை என்று மருத்துவர்கள் நினைத்தார்கள்.

அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது வீட்டில் படப் புத்தகம் காட்ட ஆரம்பித்தார்கள்.

இது வெளியுலகுக்குத் தெரியவந்ததற்குக் காரணம் குஷ்லாவின் அம்மாவைப் பெற்ற பாட்டி, டோரதி பட்லர். 1925-இல் பிறந்து 2015-இல் காலமானவர். எட்டுப் பிள்ளைகளின் தாய். ஆக்லாந்தில் குழந்தைப் புத்தகங்களுக்கென்றே தனிக் கடை நடத்தியவர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டயத்துக்காக, தன் பேத்தியின் முதல் மூன்று ஆண்டுகளையே எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு எழுதினார். 1979-இல் அது 'குஷ்லாவும் அவளது புத்தகங்களும்' என்ற பொருள் தரும் தலைப்பில் நூலாக வந்தது. பேரக் குழந்தையோடு புத்தகம் படிப்பதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே குழந்தையை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்து, எந்த வயதில் எந்தப் புத்தகம், அதற்குக் குழந்தை என்ன செய்தாள் என்று எழுதி வைத்த பதிவு அபூர்வம்.

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் நான். எங்கள் மையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிகள். அம்மா வேலைக்குப் போயிருப்பார், அல்லது கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பார். "இதுக்கு நான் வீட்ல என்ன பண்ணணும்?" என்று கேட்பது பெரும்பாலும் இந்தப் பாட்டிகள்தான். அவர்களுக்குச் சொல்வதற்காகவே குஷ்லாவின் கதையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். புத்தகம் படித்ததால் குழந்தை குணமாகிவிட்டது என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குரோமோசோம் எந்தப் புத்தகத்தாலும் மாறவில்லை. என்னுடைய கவனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இனி இந்தக் குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று சுற்றியிருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் கட்டத்தில், புத்தகம் அந்தப் பேச்சை நிற்கவிடாமல் வைத்திருந்தது. பொருத்தமான புத்தகத்தைத் தேடிக்கொடுத்ததும், நடந்ததை எழுதி வைத்ததும் பாட்டியின் பங்கு. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

நான்காம் மாதம்

நான்கு மாதக் குழந்தைக்குப் புத்தகமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். 1972-இல் அது இன்னும் விநோதமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெற்றோரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தை இரவும் பகலும் முழித்திருக்கிறாள். கீழே படுக்க வைத்தால் அழுகை. கிலுகிலுப்பையைக் கொடுத்தால் பிடிக்க மாட்டாள். தொட்டிலுக்கு மேலே பொம்மை கட்டித் தொங்கவிட்டால் அது அவள் பார்வைக்கு எட்டாது. மற்றக் குழந்தைகள் கையால் தடவி, வாயில் வைத்து, தவழ்ந்து போய்த் தெரிந்துகொள்வதெல்லாம் அவளுக்கு அடைபட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தது காது, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கண், அப்புறம் தூக்கி வைத்திருக்கும் ஆளின் உடம்புச் சூடு. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படியான ஒரு பொருள் வேண்டும். படப் புத்தகம் அதற்குச் சரியாகப் பொருந்தியது. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்துக்கு அருகே பக்கத்தைப் பிடித்து, அதில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. மற்றக் குழந்தைகளுக்குச் சில மாதங்களில் இந்த எல்லை விரிந்துவிடும். குஷ்லாவுக்கு விரியவில்லை. அதனால் அவளுக்கு எந்தப் புத்தகம் என்பது சாதாரணக் கேள்வியாக இருக்கவில்லை. நெருக்கமாக வரைந்த, பூக்களும் புல்லும் நிழலும் நிறைந்த அழகான படம் அவள் கண்ணுக்கு ஒரே கலங்கலாகத்தான் தெரியும். ஆரம்பத்தில் அவளுக்குப் பிடித்த புத்தகங்களில் டிக் புரூனாவுடையதும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த இந்த ஓவியரின் படங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே புரியும். தடித்த கறுப்புக் கோடு. அதற்குள் சிவப்போ மஞ்சளோ நீலமோ, ஒரே சீராகப் பூசிய நிறம். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பொருள். பின்னணியில் ஒன்றுமே கிடையாது. ஆப்பிள் என்றால் ஆப்பிள், கரடி என்றால் கரடி. பார்வை மங்கிய குழந்தைக்குக்கூடப் பக்கத்திலிருந்து அது பிடிபடும்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் நம் வீடுகளில் தவறிப்போவது இங்கேதான். பேரனுக்குப் புத்தகம் வாங்கப் போகும் தாத்தா, காசுக்கு நிறையப் படம் இருக்கட்டும் என்று ஒரு பக்கத்தில் முப்பது காய்கறியும் பழமும் அச்சடித்த பெரிய புத்தகத்தை வாங்கி வருகிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு செய்ய முடிவது ஒன்றுதான்: "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். குழந்தை இரண்டு சொல்லும், மூன்றாவதில் எழுந்து ஓடிவிடும். ஒரு பக்கத்தில் ஒரு பூனை, அடுத்த பக்கத்தில் அந்தப் பூனை பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அதற்கடுத்த பக்கத்தில் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. இப்படி ஒரு புத்தகம் இருந்தால் பேச்சு தானாக வரும். என்ன ஆச்சு, யார் கொட்டினது, பாட்டி திட்டுவாங்களா என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

குழந்தைப் புத்தகங்களோடு அத்தனை வருடம் புழங்கியவர் டோரதி பட்லர். கடையில் ஆயிரம் புத்தகம் இருந்தாலும், இந்த வாரம் இந்தக் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் எது எட்டும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். குஷ்லா வளர வளர, ஒற்றைப் படங்களிலிருந்து சின்னச் சின்ன அன்றாட நிகழ்ச்சிகளுக்கும், அங்கிருந்து முழுக் கதைகளுக்கும் புத்தகங்கள் மாறிக்கொண்டே வந்தன. உட்கார்ந்து வாசித்தது பெரும்பாலும் குழந்தையின் அம்மாவும் அப்பாவும்தான். இருவரும் இளம் வயதுக்காரர்கள். பாட்டியே எல்லாவற்றையும் செய்தார் என்று இந்தக் கதையைச் சொல்வது அந்தப் பெற்றோருக்கு நியாயம் ஆகாது. இரவெல்லாம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

வாசித்த அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். சத்தமாக வாசித்துக் காட்டுவது பற்றிப் பிரபலமான கையேடு எழுதிய அமெரிக்கர் ஜிம் டிரெலீஸ், ஒரு நாளைக்கு 14 படப் புத்தகங்கள் என்று குறிப்பிடுகிறார். குழந்தையை ஏதாவதொரு காப்பகத்தில் விட்டுவிடச் சொன்ன ஆலோசனையைப் பெற்றோர் ஏற்கவில்லை என்றும், படங்களுக்கு அவள் காட்டிய சலனத்தை அவர்கள் கண்ணால் பார்த்திருந்ததே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதுகிறார். 14 என்ற எண்ணைக் கேட்டதும் நம் வீட்டுப் பாட்டிகள் கையை உதறிவிடுவார்கள். அந்த எண் இங்கே முக்கியமில்லை. தூங்காத குழந்தையோடு கழிக்க வேண்டிய மணிக்கணக்கான நேரத்தை அவர்கள் எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பதுதான் முக்கியம்.

மூன்று வயதும் எட்டு மாதமும்

1975 ஆகஸ்டில் குஷ்லாவுக்கு மூன்று வயதும் எட்டு மாதமும். லூபி லூ என்று ஒரு துணிப் பொம்மை அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் சொன்னதை வீட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். தமிழில் இப்படிச் சொல்லலாம்: "இப்ப நான் லூபி லூவுக்குப் படிச்சுக் காட்டலாம். அவ களைச்சுப் போயிட்டா, வருத்தமா இருக்கா. அவளுக்குக் கட்டிப்பிடிச்சுக்கணும், பால் புட்டி வேணும், ஒரு புத்தகம் வேணும்."

குழந்தைகளின் மொழியை அளந்து பார்ப்பது என் வேலை என்பதால், இந்தப் பேச்சில் இருப்பதை எடுத்துச் சொல்கிறேன். 'இப்ப' என்று காலம் இருக்கிறது. களைப்பு, வருத்தம் என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு நிலைகளுக்குப் பெயர் இருக்கிறது. காரணமும் காரியமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன: அவள் வருத்தமாக இருப்பதால் இவையெல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொம்மைக்கு என்ன தோன்றும் என்று இன்னொருவரின் இடத்திலிருந்து யோசிக்கிறாள். எந்தக் குறையும் இல்லாத மூன்றரை வயதுக் குழந்தை இப்படிப் பேசினாலே நான் கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதுவேன். இது மூன்று வயது வரை ஒரு பொருளைக் கையில் பிடிக்க முடியாத குழந்தையின் பேச்சு. ஐந்து வயதில் உளவியலாளர்கள் பரிசோதித்தபோது அவளுடைய அறிவுத்திறன் சராசரிக்கு நன்றாகவே மேலே இருந்தது, மற்றவர்களோடு இயல்பாகப் பழகும் குழந்தையாகவும் இருந்தாள் என்கிறார் டிரெலீஸ். உடல் குறைகள் போய்விடவில்லை.

மூன்று பொருள்களை அவள் அடுக்கியிருக்கும் விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அணைப்பு, பால், புத்தகம். அவளைப் பொறுத்தவரை புத்தகம் படிப்பு சம்பந்தப்பட்ட பொருள் கிடையாது. உடம்புக்கு முடியாத நேரத்தில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. நாலு மாதத்திலிருந்து அவள் பார்த்தது அதைத்தானே.

இந்த நிகழ்விலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்

ஒரே ஒரு குழந்தை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழந்தை இல்லை. எழுதியவர் சொந்தப் பாட்டி. வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, பெற்றோரும் அசராதவர்கள். இதே பெற்றோர் புத்தகமே இல்லாமல் இதே நேரத்தைப் பாடியும் பேசியும் கழித்திருந்தால் குஷ்லா எப்படி வளர்ந்திருப்பாள்? தெரிந்துகொள்ள வழியில்லை. பரிசோதனைச்சாலை முறையில் பார்க்கிறவர் இந்த ஆய்வை ஆதாரமாக ஏற்க மாட்டார், அதில் தப்பும் இல்லை.

ஆனால் குஷ்லாவின் வீட்டில் நடந்தவற்றில் சிலவற்றைத் தனித்தனியாக எடுத்து, பிற்பாடு வேறு ஆட்கள் வேறு இடங்களில் சோதித்திருக்கிறார்கள்.

1988-இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் செய்தது இதில் முதன்மையானது. 21 மாதத்திலிருந்து 35 மாதம் வரையுள்ள குழந்தைகள். எல்லாப் பெற்றோரும் வீட்டில் படித்துக் காட்டுகிறவர்கள்தான். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் படிக்கும் விதத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடுகிற கேள்வியை விட்டுவிட்டு, குழந்தை நாலு வார்த்தை பேசும்படியாகக் கேட்பது. குழந்தை சொன்னதை வாங்கி, இன்னும் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. பாராட்டுவது. மெதுவாகக் கதை சொல்லும் பொறுப்பையே குழந்தையிடம் தள்ளிவிடுவது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் மற்றவர்களை முந்திவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் புத்தகம் உண்டு, வாசிப்பும் உண்டு. வித்தியாசம் முழுக்க மடியில் நடந்த உரையாடலில் இருந்தது.

அப்புறம், திரும்பத் திரும்ப ஒரே புத்தகம். "நேத்து படிச்சதுதானே, வேற எடுத்துட்டு வா" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. 2011-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்டும் குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒரே கதை மறுபடி மறுபடி; சிலருக்கு வேறு வேறு கதைகள். புதுச் சொற்கள் இரு தரப்புக்கும் ஒன்றே, காதில் விழும் தடவையும் ஒன்றே. ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் சொற்கள் நன்றாகத் தங்கின. கதை தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை குழந்தைக்கு இல்லை. அதனால் கவனம் சொல்லின் பக்கம் போகிறது. பேத்தி எட்டாவது தடவையாக அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவளுக்கு அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நாமாகப் பேசினால் போதாதா, புத்தகம் எதற்கு என்பதும் நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஜெசிகா மொன்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் 100 படப் புத்தகங்களை எடுத்து, பெரியவர்கள் குழந்தைகளிடம் சாதாரணமாகப் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். புத்தகங்களில் வெவ்வேறான சொற்கள் அதிகம் இருந்தன. நம் வீட்டை நினைத்தாலே இது விளங்கும். நாள் முழுக்கக் குழந்தையிடம் பேசினாலும் வா, போ, சாப்பிடு, தொடாதே, குளிக்கலாம் என்ற வட்டத்துக்குள்தான் சுற்றுகிறோம். கலங்கரை விளக்கம், ஆந்தை, படகு, பனி இதெல்லாம் சமையலறைப் பேச்சில் எங்கே வரப்போகிறது?

1989-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள், பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு ஒரு புத்தகத்தையும் கொடுத்து அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல் கொள்கையாகவே அறிவித்தது. டோரதி பட்லர் இதைச் சொல்லி அப்போது பல வருடம் ஆகியிருந்தது. வாசிப்பு வீட்டில்தான் தொடங்குகிறது என்று நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளேயோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அதுவும் 1979-இல் வந்தது. அதற்கடுத்த வருடம் வந்த அவருடைய இன்னொரு நூல் கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் தேவை என்பதையே தலைப்பாகக் கொண்டது.

எங்கள் பெஞ்சில் ஓர் அப்பத்தா

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பேரனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, நடையும் தாமதம். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது, "எனக்கு எங்கத்தா படிக்கத் தெரியும், இவன் அக்காட்ட குடுங்க" என்று திருப்பி நீட்டினார். படம் மட்டும் பார்த்துப் பேசுங்கள், எழுத்து இருப்பதையே மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பக்கத்தில் வெள்ளாடு.

"ராசா, இங்க பாரு. யாரு இது? நம்ம வெள்ளச்சி மாதிரியே நிக்கிது பாத்தியா?"

பையன் படத்தைப் பார்த்தான். அப்புறம் அப்பத்தாவின் வாயைப் பார்த்தான்.

"வெள்ளச்சி காலைல என்ன பண்ணுச்சு? கயித்த அத்துக்கிட்டு எங்க ஓடுச்சு?"

அவர் அதோடு நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். இந்தக் காத்திருப்பை நான் பயிற்சிகளில் எவ்வளவோ சொல்லியும் படித்தவர்களுக்கு வருவதில்லை. கேள்வி கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பையன் விரலைப் படத்தின் மேல் வைத்து, "ம்மே" என்றான்.

"மேன்னு கத்துச்சா? பசிச்சிருக்கும்யா அதுக்கு. எல கேட்டுருக்கும்."

வைட்ஹர்ஸ்ட் குழுவினர் பெற்றோருக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததை இந்த அம்மா யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். படத்தைக் குழந்தையின் சொந்த வாழ்க்கையோடு கோத்தார். திறந்த கேள்வி கேட்டார். பொறுத்திருந்தார். வந்த ஒலியை வாங்கி, இரண்டு வாக்கியமாக விரித்துத் திருப்பிக் கொடுத்தார். எழுத்து தெரியாத பாட்டிகளால் பேரப்பிள்ளைக்குப் புத்தகம் 'படிக்க' முடியாது என்று நினைப்பவர்கள் இந்தப் பெஞ்சுக்கு வந்து பார்க்க வேண்டும். கதை சொல்லியே பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த தாத்தா பாட்டிகளுக்கு வேறொரு சிக்கல் வருகிறது. புத்தகத்தில் 'ஆடு இலையைத் தின்றது' என்று அச்சாகியிருக்கும். வீட்டில் யாரும் 'தின்றது' என்று பேசுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே வாசித்தால், பாதி ரேடியோ செய்தி மாதிரி காதைத் தாண்டிப் போய்விடும். சில தாத்தாக்கள் அச்சில் இருப்பதை ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்று நிற்பார்கள். பேச்சு இன்னும் வராத குழந்தைக்கு வீட்டுப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆடு எலையத் திங்குது, அவ்வளவுதான். கதை நன்றாகப் பழகிய பிறகு, மூன்று வயதுக்கு மேல், அச்சில் உள்ள வரியை அதன் ராகத்தோடு வாசிக்க ஆரம்பிக்கலாம். கதைதான் ஏற்கெனவே தெரியுமே, 'தின்றது' என்றால் என்ன என்று குழந்தையே பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் போய் எழுத்துத் தமிழை முதல் தடவையாகக் கேட்டு முழிக்காமல் இருக்க இது பெரிய உதவி. பாட்டுகளுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. கவிமணியோ அழ. வள்ளியப்பாவோ எழுதியதை முதல் நாளிலிருந்தே எழுதினபடி பாடுங்கள். அதன் சந்தம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பதற்கும் ஒரு வரி. குழந்தைகள் கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகங்கள் தமிழில் போதுமான அளவு இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மெல்லிய தாளில் என்றால் பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை, சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகாவின் படப் புத்தகங்கள் எல்லாம் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை போனில் காட்டாமல் அச்செடுத்துத் தையல் போட்டுக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வோம். போன் கையில் வந்தால் குழந்தை படத்தைத் தள்ளிக்கொண்டே போகும். பக்கத்தில் விரல் வைத்து நிற்காது.

நோட்டு

டோரதி பட்லரிடமிருந்து நாங்கள் நேரடியாக எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. எழுதி வைப்பது. குஷ்லாவுக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் பிடித்தது, எந்தச் சொல்லை எப்போது சொன்னாள் என்பதெல்லாம் அன்றன்றைக்குக் குறிக்கப்பட்டதால்தான், குன்றியவள் என்ற கணிப்புக்கு எதிராக வைக்க அந்தக் குடும்பத்திடம் ஏதோ இருந்தது. மையத்தில் முக்கால் மணி நேரம் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் குழந்தை தன் முழுத் திறமையைக் காட்டாது. புது இடம், புது முகம், பயம். வீட்டில் தெரிவது இங்கே தெரியாது.

அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுக்கிறோம். தேதி, புத்தகம், பிள்ளை என்ன செய்தது. மூன்றே விஷயம். "நல்லா கேட்டான்" என்று எழுதினால் எங்களுக்குப் பிரயோஜனமில்லை. "மாடு பக்கத்தைத் திருப்பவிடாமல் கையை வைத்துக்கொண்டான்" என்று எழுதினால் உபயோகம். பார்வை எங்கே போனது, விரல் எங்கே வைத்தது, என்ன ஒலி வந்தது, எந்தப் புத்தகத்தை அதுவாக இழுத்துக்கொண்டு வந்தது, எப்போது எழுந்து ஓடியது. ஓடியதையும் எழுத வேண்டும். அதிலிருந்துதான் புத்தகம் நீளமா, படம் நெரிசலா, நேரம் தப்பா என்று கண்டுபிடிக்கிறோம்.

அப்பத்தா சொல்லச் சொல்ல ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அந்த நோட்டை எழுதுகிறாள். பையனை முதலில் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் படிவத்தில் சொற்கள் இல்லை என்று குறித்திருந்தார். அவர் பார்த்தபோது அவன் வாயே திறக்கவில்லை. நோட்டைப் புரட்டியபோது வேறு மாதிரி இருந்தது. ஆட்டுக்கு 'ம்மே', காக்காய்க்கு 'கா', பானை கவிழ்ந்த பக்கத்துக்கு 'ஐயோ', தூங்கும் பாப்பாவுக்கு விரலை வாயில் வைத்து 'ஷ்'. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படத்தோடு மட்டும் வந்திருக்கிறது. கண்டபடி எழுப்பிய சத்தம் கிடையாது. பயிற்சியாளர் படிவத்தைத் திருத்தினார். பயிற்சியையும் அந்த ஒலிகளிலிருந்தே தொடங்கும்படி மாற்றியமைத்தார். 'ம்மே' சொல்கிறவனிடம் 'மே மே ஆடு' வரைக்கும் போவது ஒரு படிதான்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. படத்தின் மூலையில் சின்னதாக ஒரு மாட்டு வண்டி இருக்கிறது. ஆட்டை விட்டுவிட்டு அதன் சக்கரத்தையே தடவிக்கொண்டிருந்தான் என்று பேத்தி எழுதியிருந்தாள். கேட்டபோது, பையனின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார் என்று அப்பத்தா சொன்னார். வண்டிகள் மட்டும் உள்ள, பக்கத்துக்கு ஒன்று என்று பெரிதாக வரைந்த தமிழ்ப் புத்தகமாக இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கவில்லை என்றால், அப்பாவின் வண்டியையும் தெருவில் வரும் பஸ்ஸையும் தண்ணீர் லாரியையும் படம் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி நாங்களே தைத்துக் கொடுப்பதாக அந்த வீட்டில் சொல்லியிருக்கிறோம். வண்டியின் சத்தங்களை எழுதித் தருவது பேத்தியின் பொறுப்பு.